மேக்குக்குள் விண்டோஸ்: ஆண்டிவைரஸ் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

புது மேக் வாங்கியாயிற்று. அதில் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் ஒரு கணினி, அமைத்து விண்டோஸ் 11-ஐயும் ஏற்றியாயிற்று. வேர்டு திறக்கிறது, கணக்கு மென்பொருள் திறக்கிறது, எப்போதோ வாங்கிய ஒரு பழைய அகராதி நிரல்கூட முனகாமல் திறக்கிறது. சரி, பாதுகாப்பையும் போட்டுவிடுவோம் என்று, சந்தா இன்னும் பாக்கி இருக்கிற ஆண்டிவைரஸின் நிறுவல் கோப்பை டபுள் கிளிக் செய்தால், 'உங்கள் புராசசரில் இந்த மென்பொருள் இயங்காது' என்கிற பாணியில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

எனக்கு இது நடந்தபோது பதிவிறக்கத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று முறை இறக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே பெட்டி. மற்றதெல்லாம் ஓடும்போது இது மட்டும் ஏன் ஓடவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளப் போய், ஆண்டிவைரஸ் என்றால் என்ன என்பதையே முதல்முறையாக ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். அந்தப் புரிதல்தான் இந்தக் கட்டுரை.

சில்லு பேசும் மொழி

ஒவ்வொரு புராசசருக்கும் அதற்கென்று ஒரு கட்டளை மொழி உண்டு. இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் மொழிக்கு எக்ஸ்86 என்று பெயர். அதன் 64-பிட் வடிவம் எக்ஸ்64. நம் கைபேசிகளில் இருக்கும் சில்லுகள் பேசுவது ஆர்ம் என்ற வேறொரு மொழி. ஒன்றுக்காக எழுதிய நிரலை மற்றொன்றிடம் அப்படியே கொடுத்தால் அதற்கு ஒரு எழுத்தும் புரியாது.

2006 முதல் பதினான்கு வருடங்களுக்கு மேக்குகளில் இருந்தது இன்டெல் சில்லு. விண்டோஸ் கணினியிலும் அதேதான். ஆகவே பூட் கேம்ப் என்ற ஆப்பிளின் சொந்த வசதியைக் கொண்டே மேக்கில் நேரடியாக விண்டோஸைப் போட்டுக்கொள்ள முடிந்தது. அப்படிப் போட்டால் அது சாதாரண விண்டோஸ் கணினி. எந்த ஆண்டிவைரஸும் பேச்சில்லாமல் உட்காரும். 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் மேக்குகள் வந்தபோது இந்த ஏற்பாடு முடிந்தது. எம்1-க்குப் பிறகு வந்த எம்2, எம்3, எம்4 எல்லாமே ஆர்ம் குடும்பம். பூட் கேம்ப் இவற்றில் கிடையாது. விண்டோஸ் வேண்டுமென்றால் மேக்ஓஎஸ்-க்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி அமைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த வேலைக்குப் பேரலல்ஸ் டெஸ்க்டாப், விஎம்வேர் ஃபியூஷன், யுடிஎம் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

மெய்நிகர் கணினி என்றதும் 'எந்தக் கணினியாக வேண்டுமானாலும் வேஷம் போடும் மென்பொருள்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது செய்வது அதைவிட எளிமையான வேலை. இருக்கிற புராசசரில் ஒரு பங்கு, நினைவகத்தில் ஒரு பங்கு, வட்டில் ஒரு பங்கு எடுத்து, 'இதோ உனக்குத் தனிக் கணினி' என்று உள்ளே இருக்கும் விண்டோஸிடம் கொடுக்கிறது. புராசசர் மேக்கின் அதே புராசசர்தான். அதனால்தான் வேகமும் கிட்டத்தட்ட அதே வேகம். அதே காரணத்தால் உள்ளே வரும் விண்டோஸும் ஆர்ம் மொழி பேசும் விண்டோஸாக இருந்தாக வேண்டும்.

அப்படி ஒரு விண்டோஸை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. எம்1, எம்2 மேக்குகளில் பேரலல்ஸ் வழியாக ஆர்ம் விண்டோஸ் 11-இன் புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளை ஓட்ட 2023 பிப்ரவரியில் அது அதிகாரபூர்வமாக அனுமதியும் கொடுத்தது. எனவே இது திருட்டு வழியோ தில்லுமுல்லோ இல்லை. உங்கள் விண்டோஸ் எந்த வகை என்று பார்க்க செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற பக்கத்துக்குப் போங்கள். புராசசர் ஆர்ம் வகையைச் சேர்ந்தது என்று 'சிஸ்டம் டைப்' வரியில் எழுதியிருக்கும்.

துபாஷி இருக்கும் இடம், இல்லாத இடம்

அப்படியானால் அந்தப் பழைய அகராதி நிரல் எப்படி ஓடியது? அது எழுதப்பட்டது எக்ஸ்86-க்கு ஆயிற்றே?

ஆர்ம் விண்டோஸுக்குள் ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறார். எக்ஸ்86 நிரல் பேசுவதைக் கேட்டு, அந்த நொடியே ஆர்மில் மாற்றி, புராசசரிடம் சொல்கிறார். இதற்குத்தான் எமுலேஷன் என்று பெயர். ஆர்ம் விண்டோஸ் 10 காலத்தில் 32-பிட் நிரல்களுக்கு மட்டும் துபாஷி வேலை பார்த்தவர், 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 64-பிட் நிரல்களுக்கும் பேசத் தொடங்கினார். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் பிரிசம் என்ற பெயரோடு இன்னும் வேகமாகிவிட்டார். (மேக்கில் இருக்கும் ரொசெட்டாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்டெலுக்கு எழுதிய மேக் செயலிகளுக்குத்தான் ரொசெட்டா துபாஷி. விண்டோஸ் நிரல்களுக்கு அவர் உதவ மாட்டார்.)

இந்தத் துபாஷி உட்கார்ந்திருப்பது வீட்டின் முன்கூடத்தில். சாதாரணச் செயலிகள் எல்லாம் வந்துபோவது அங்கேதான். விண்டோஸுக்கு ஓர் உள்ளறையும் இருக்கிறது: கெர்னல். வட்டு, வலையமைப்பு, நினைவகம் என எல்லாவற்றின் சாவிக்கொத்தும் அந்த அறையில். அங்கே போய் வேலை செய்யும் நிரல்களுக்கு டிரைவர் என்று பெயர். உள்ளறையில் துபாஷி கிடையாது. துபாஷியே கெர்னலை நம்பி வெளியே உட்கார்ந்திருப்பவர்தான்; அவர் எப்படி அதற்குள் போய் மொழிபெயர்ப்பார்? ஆகவே டிரைவர் என்றால் அது ஆர்ம் மொழியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்86 டிரைவரை ஆர்ம் விண்டோஸ் ஏற்காது. இதில் சலுகை இல்லை, அமைப்புகளில் மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் இல்லை.

இப்போது ஆண்டிவைரஸுக்கு வருவோம். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். திறந்த பிறகு 'ஐயோ, இது வைரஸ்' என்று சொல்வதில் பயனில்லை. திறக்கும் முன்பே கையைப் பிடிக்க வேண்டும். அதற்கு, கோப்பு கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் கடந்துபோகிற வாசலிலேயே காவலாளி நிற்க வேண்டும். அந்த வாசல் கெர்னலில் இருக்கிறது. ஆகவே ஆண்டிவைரஸ்கள் அங்கே மினிஃபில்டர் என்ற வகை டிரைவரை நிறுத்துகின்றன. வலையில் வந்துபோகிற தரவைப் பார்க்க இன்னொரு டிரைவர். விண்டோஸ் எழும்போதே மற்ற டிரைவர்களுக்கு முன்னால் எழுந்து அவற்றைச் சோதிக்க வேறொரு டிரைவர். இந்தக் கடைசி ஏற்பாடு விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது. நாம் திரையில் பார்க்கிற பச்சை டிக்கும் 'ஸ்கேன்' பொத்தானும் வெறும் முகப்பு. வேலை நடப்பது உள்ளறையில்.

வேர்டு முன்கூடத்தோடு திருப்தி அடைந்துவிடும். ஆண்டிவைரஸ் உள்ளறைக்குப் போகாமல் தன் வேலையைச் செய்ய முடியாது. எனக்கு மூன்று முறை வந்த அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்த காரணம் இவ்வளவுதான்.

இதே காரணத்துக்காக முரண்டு பிடிக்கிற வேறு சில ஆசாமிகளும் உண்டு. அலுவலக வலையமைப்புக்குள் போக உதவும் விபிஎன் மென்பொருள்கள், வட்டை முழுதாகப் பூட்டும் குறியாக்க மென்பொருள்கள், டிஜிட்டல் கையெழுத்துக்காகச் செருகும் யுஎஸ்பி டோக்கன்கள், ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல்கள். இவற்றில் எதற்கு உள்ளறை டிரைவர் தேவையோ, அதற்கு ஆர்ம் பதிப்பும் தேவை. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் வருகிற 'இதை ஸ்கேன் செய்' என்ற வரிகூட இந்த விதிக்குள் வரும். அது டிரைவர் இல்லைதான். ஆனாலும் விண்டோஸின் கோப்பு உலாவிக்குள்ளேயே ஏறி உட்காருவதால் அதுவும் அதே மொழியில் இருக்க வேண்டும்.

சரி, என்ன போடலாம்?

பெரும்பாலானோருக்கு என் பதில்: எதையும் போட வேண்டாம். ஆர்ம் விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. அதன் டிரைவர்கள் ஆர்ம் மொழியிலேயே எழுதப்பட்டவை. உள்ளறையில் ஏற்கெனவே காவலுக்கு நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு கணக்கு மென்பொருளைத் திறப்பதற்காக விண்டோஸ் வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. காசு கொடுத்து வாங்கியதுதான் காக்கும் என்பது பழைய நினைப்பு.

வேறொன்று வேண்டும், அல்லது அலுவலகம் கேட்கிறது என்றால், வாங்கும் முன் அந்த மென்பொருளின் தேவைப் பட்டியலில் 'ஆர்ம்64' என்ற சொல்லைத் தேடுங்கள். 'விண்டோஸ் 11' என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில நிறுவனங்கள் ஆர்ம் பதிப்பு கொடுக்கின்றன, ஆனால் சில வசதிகளை அதில் விட்டுவிடுகின்றன. அந்தச் சின்ன எழுத்தையும் படித்துவிடுவது நல்லது. அலுவலகக் கணினிகளுக்கான டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட், ஆர்ம் விண்டோஸிலும் ஓடும். குறிப்பிட்ட ஒரு பாதுகாப்பு மென்பொருள் இருந்தால்தான் அலுவலக வலைக்குள் விடுவோம் என்று சொல்கிற இடங்களில் வேலை செய்பவர்கள், மேக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் பதில் அதேதான், கையில் காசு மட்டும் இருக்காது.

நிறுவல் கோப்பு ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டால் அது உங்களுக்கு நல்லதுதான். அரைகுறையாக ஏறிக்கொண்டு, மூலையில் ஐகானைக் காட்டிக்கொண்டு, வாசலில் யாரையும் நிறுத்தாமல் இருப்பதுதான் மோசம். இதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நிர்வாகி உரிமையோடு டெர்மினலைத் திறந்து 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை ஆங்கிலத்தில் அடிப்பது. வாசலில் நிற்கும் காவலாளிகளின் பட்டியல் வரும். டிஃபெண்டரின் காவலாளி 'டபிள்யூடி ஃபில்டர்' என்ற பெயரில் நிற்பார். நீங்கள் போட்ட மென்பொருளின் ஆள் பட்டியலில் இல்லையென்றால் அது காவல் காக்கவில்லை.

இரண்டாவது வழி ஐகார் சோதனைக் கோப்பு. 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி, அவ்வளவுதான். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆண்டிவைரஸ்களும் அதைக் கண்டதும் வைரஸ் என்று கூச்சல் போட வேண்டும் என்று தமக்குள் பேசி வைத்திருக்கின்றன. அதை விண்டோஸுக்குள் சேமித்துப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் காவல் நடக்கிறது. கோப்பு சாவகாசமாக உட்கார்ந்திருந்தால், பச்சை டிக்கை நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கண்ணில் படும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' என்ற பகுதிக்குப் போனால், மற்ற கணினிகளில் இருக்கும் சில பாதுகாப்புகளை இங்கே இயக்க முடியாது. அவை மெய்நிகராக்கத்தையே கருவியாகப் பயன்படுத்துபவை. மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினி வேண்டும் அவற்றுக்கு. ஆப்பிள் சில்லு மேக்கில் ஓடும் விண்டோஸில் இது கிடைக்காது என்று மைக்ரோசாஃப்டே வரம்புகளின் பட்டியலில் எழுதியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் விண்டோஸ் சேண்ட்பாக்ஸும் அதே பட்டியலில் இருக்கிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று மெனக்கெட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காதீர்கள்.

பகிர்ந்த ஃபோல்டர் என்னும் பின்வாசல்

எந்த ஆண்டிவைரஸ் என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே பெரும் ஆபத்து விலகிவிடும்.

'விண்டோஸ் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, வைரஸ் வந்தாலும் அந்தப் பெட்டியோடு போகும், மேக்குக்கு ஒன்றும் ஆகாது' என்று பரவலாக ஒரு நம்பிக்கை. பாதி உண்மை. விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் மேக்கில் இயங்காது. மெய்நிகர் கணினியின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் சாதாரண வைரஸுக்கு எட்டாத காரியம். ஆனால் சுவரில் நாமே ஒரு கதவு வைத்துவிடுகிறோம். மேக்கின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸுக்குள் இருந்தே பார்க்கும் வசதி இருக்கிறது இல்லையா, அதுதான் கதவு. விண்டோஸுக்குள் ஒரு ரான்சம்வேர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அதன் தொழில். பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் உங்கள் மேக் கோப்புகளும் அதன் கண்ணில் படும். எழுதும் உரிமையையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். பூட்டிவிடும். அது எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. கதவு வழியாகக் கை நீட்டியது.

அதனால் மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் பகிர்வு என்ற பகுதியைத் திறந்து, முழு வீட்டையும் காட்டுவதை நிறுத்திவிட்டு, அதற்கென்றே ஒரு தனி ஃபோல்டரை மட்டும் காட்டுங்கள். கோப்புகளைப் படித்தால் போதும், எழுத வேண்டியதில்லை என்றால் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள். நான் 'பரிமாற்றம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அதைக் காலி செய்துவிடுவது வழக்கம். கூடவே, மேக்கின் டைம் மெஷின் காப்பு நடந்துகொண்டிருக்கட்டும்.

மறுபக்கமும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: மேக்கில் போட்ட ஆண்டிவைரஸ் உள்ளே இருக்கும் விண்டோஸையும் சேர்த்துக் காக்கும் என்பது. மேக்கின் பார்வையில் அந்த விண்டோஸின் வட்டு முழுவதும் பல ஜிபி எடையுள்ள ஒரு மூட்டை. மூட்டைக்குள் எந்தக் கோப்பு எப்போது திறக்கிறது என்று அதற்குத் தெரியாது. விண்டோஸ் ஓடும்போது அந்த மூட்டை விடாமல் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்கிறேன் என்று மேக் ஆண்டிவைரஸ் கிளம்பினால் இரண்டுமே திணறும். அந்த மூட்டையை மேக் பக்கத்துச் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள். உள்ளே காவல் காக்க டிஃபெண்டர் இருக்கிறது.

தூங்கி எழுகிற கணினி

மெய்நிகர் கணினியை நாம் தினமும் திறப்பதில்லை. ஒரு மாதம் உறங்க வைத்துவிட்டுத் திறந்தால், அதன் வைரஸ் அடையாளப் பட்டியலும் ஒரு மாதப் பழசு. திறந்த உடனே அது மூச்சு வாங்குவதும் இதனால்தான்: விட்டுப்போன அப்டேட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் இறக்கிக்கொண்டிருக்கும். 8 ஜிபி நினைவகம் உள்ள மேக்கில், அதில் பாதியை விண்டோஸுக்குக் கொடுத்திருந்தால், அந்தச் சில நிமிடங்கள் இரண்டு பக்கமும் ஊர்ந்துதான் போகும். எரிச்சலில் அப்டேட்டை நிறுத்தாதீர்கள். அது முடியும்வரை மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்காமலும் பென் டிரைவ் செருகாமலும் இருங்கள்.

ஸ்னாப்ஷாட்டிலும் இதே வில்லங்கம். ஏதாவது சோதிப்பதற்கு முன் விண்டோஸின் அன்றைய நிலையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, கெட்டுப்போனால் அதற்குத் திரும்புவது அருமையான வசதி. ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் போனால், ஆறு மாதமாக அடைத்து வந்த ஓட்டைகள் எல்லாம் மறுபடி திறந்துகொள்ளும். திரும்பியதும் முதல் வேலை அப்டேட். ஸ்னாப்ஷாட் மேக்கிலேயே இருப்பதால் வட்டு பழுதானால் கூடவே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். காப்பு நகல் வேறு, ஸ்னாப்ஷாட் வேறு.

எக்ஸ்86 விண்டோஸையே கொண்டுவர முடியாதா?

முடியும். யுடிஎம் தன் அடியில் கியூஎம்யு என்ற மென்பொருளை வைத்து ஒரு முழு இன்டெல் கணினியையே பாவனை செய்யும். பேரலல்ஸும் 2025 ஜனவரியில் இப்படி ஒரு வசதியை முன்னோட்டமாக வெளியிட்டது. இதில் கெர்னல் உட்பட எல்லாமே எக்ஸ்86 என்பதால் எக்ஸ்86 டிரைவர்களுக்கும் இடம் உண்டு. விலை வேகத்தில் கொடுக்க வேண்டும். விண்டோஸ் எழுந்து வரவே நிமிடக்கணக்கில் ஆகும். அதன் மேல் ஒவ்வொரு கோப்பையும் நிறுத்தி விசாரிக்கும் ஆண்டிவைரஸ் வேறு. பழைய மென்பொருள் ஒன்றை எட்டிப் பார்க்க இது போதும். தினசரி வேலைக்கு உதவாது. எக்ஸ்86 டிரைவர் இல்லாமல் உங்கள் வேலையே நடக்காது என்றால், ஒரு பழைய இன்டெல் கணினியை மேசையின் ஓரத்தில் வைத்து, மேக்கிலிருந்து தொலைவழியாக அதை இயக்குங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

கடைசியில் என் ஆண்டிவைரஸ் சந்தா என்ன ஆனது என்றால், அதில் மூன்று சாதனங்களுக்கு உரிமை இருந்தது. மேக்குக்கான பதிப்பும் அதே சந்தாவுக்குள் அடக்கம். அதை மேக்கில் போட்டு, விண்டோஸின் மூட்டையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். உள்ளே டிஃபெண்டர் தன் பாட்டுக்கு நிற்கிறது. உங்களிடமும் பாக்கிச் சந்தா இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டு மின்னஞ்சல் எழுதும் முன் சந்தாப் பக்கத்தில் மேக் என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.